மரத்தைப் பிடுங்கவும் தொண்டர் படை!

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பைன் மரக்காட்டைப் பார்க்காமல் திரும்புவது இல்லை. நெட்டை நெட்டையாக மரங்கள். நடுவே குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக் கொள்வார்கள். "ஆகா, என்ன இயற்கை!" என்பார்கள்.

அது இயற்கைக் காடு அல்ல. மனிதன் நட்டது. நம் ஊர்த் தென்னந்தோப்பு போல அது ஒரு பைன் தோப்பு. அங்கே மேலே பார்க்காமல் கீழே பாருங்கள். ஊசி இலைகள் மெத்தை போல விழுந்து கிடக்கும். வேறு செடி கொடி அதிகம் தெரியாது. மேய்கிற மாட்டுக்கு அங்கே என்ன கிடைக்கும்?

பழனி மலையின் சொந்தக் காடு வேறு விதமானது. மலை மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கி வளர்ந்திருக்கும். மரமெல்லாம் பாசி படர்ந்திருக்கும். அதுதான் சோலை. இந்தத் தமிழ்ச் சொல்லையே உலக விஞ்ஞானிகள் "ஷோலா" என்று எடுத்துக் கொண்டார்கள். சோலையைச் சுற்றிச் சரிவு முழுவதும் புல்வெளி. மழை பெய்தால் சோலையும் புல்லும் பஞ்சு போல நீரை உறிஞ்சிக் கொள்ளும். பிறகு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

பழனிக்குப் போகும் பக்தர்கள் குளிக்கிறார்களே, அந்தச் சண்முக நதிக்குத் தண்ணீர் இந்த மலையிலிருந்துதான் வருகிறது. குதிரையாறு, மருதாநதி, மஞ்சளாறு எல்லாம் இங்கே பிறப்பவைதான். ஆகவே இது மலைவாசிகள் கவலை மட்டும் அல்ல. கீழே குடம் பிடிக்கும் பெண்கள் கவலையும்தான்.

புல் போன கதை

புல்வெளியைப் பார்த்த அதிகாரிகள் ஒரு காலத்தில் "சும்மா கிடக்கும் நிலம்" என்று நினைத்தார்கள். விறகு வேண்டும், தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்குக் கூழ் மரம் வேண்டும். எனவே ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரத்தையும் தைல மரத்தையும் நட்டார்கள். வெள்ளைக்காரர் தொடங்கிய வேலை சுதந்திரத்துக்குப் பிறகும் நடந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மரம் நட்டால் நல்லது என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள்.

வாட்டில் நட்ட இடத்தில் நிற்கவில்லை. பக்கத்துச் சரிவுக்கும் பரவியது. விளைவு என்ன? சுமார் 40 ஆண்டு காலச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று அது சொல்லிற்று. மரத் தோட்டங்களும் விவசாயமும்தான் காரணம்.

ஊர் மக்கள் கூடினார்கள்

1985-இல் கொடைக்கானலில் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தோன்றியது. சர்க்கார் இலாகா அல்ல. பொது மக்கள் கூடி அமைத்த சங்கம். நன்கொடையும் தொண்டர் உழைப்பும்தான் இப்படிப்பட்ட சங்கங்களுக்கு மூலதனம்.

மன்றம் நாற்று வளர்த்தது. அதோடு நிற்கவில்லை. வழக்கும் போட்டது. சட்டத்தை மீறி எழுந்த ஓட்டல் கட்டடத்தை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2001-இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடித் தூள் குவிந்து கிடந்தது. தர்மாமீட்டர் தொழிற்சாலையின் கழிவு அது. மன்றமும் ஊராரும் மற்ற அமைப்புகளும் குரல் எழுப்பின. அதே ஆண்டு தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. தொழிற்சாலைக்குக் கீழே இருப்பது பாம்பார் சோலை. அந்த மண்ணில் கலந்த பாதரசத்தைக் கப்பலில் ஏற்ற முடியவில்லை.

வட்டக்கானலில் இங்கிலாந்திலிருந்து வந்து தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் என்ற தம்பதி சோலை மரங்களையும் மலைப் புல்லையும் நாற்றங்காலில் வளர்த்தார்கள். இருவரும் இன்று இல்லை. புல்லுக்கு நாற்றங்காலா என்று சிரிக்க வேண்டாம். போன புல் தானாகத் திரும்புவது கடினம்.

பிடுங்குவது யார்?

தொண்டர்கள் சரிவில் வரிசையாக நடந்து வாட்டில் கன்றுகளைக் கையால் பிடுங்குகிறார்கள். இந்த ஆண்டு பிடுங்கினால் அடுத்த ஆண்டும் போக வேண்டும். வாட்டில் விதை மண்ணுக்குள் பல ஆண்டு தூங்கும். வெயில் பட்டால் எழுந்துவிடும்.

அப்படியானால் பெரிய மரங்களையும் ஒரேயடியாக வெட்டினால் என்ன? அவசரம் கூடாது. சில இடங்களில் வாட்டில் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலை தூக்கியிருக்கின்றன. வெட்டினால் அவையும் போகும். இன்னொன்றும் உண்டு. மலைக் கிராமத்துத் தாய்மார் பலருக்கு வாட்டில்தான் விறகு. அவர்கள் அடுப்பை மறந்து திட்டம் போடுவது நியாயம் அல்ல. மேலும், 2013 முதல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது.

பணத்தில்தான் சிக்கல். மரக்கன்று நடப் பணம் கேட்டால் தருகிறவர் உண்டு. கன்றோடு நின்று படம் எடுக்கலாம், பெயர்ப் பலகை வைக்கலாம். "மரத்தைப் பிடுங்கப் பணம் தாருங்கள், புல் வளர்க்கப் பணம் தாருங்கள்" என்றால் முகம் சுளிப்பார்கள். ஐந்து ஆண்டு காவல் இருக்கக் கூலி கேட்டால் இன்னும் சுளிப்பார்கள். நட்ட கன்று பிழைத்ததா என்று திரும்பி வந்து பார்க்கும் நன்கொடையாளர் எத்தனை பேர்?

மேய்ச்சல் இழந்த காட்டுமாடுகளோ கொடைக்கானல் வீதிக்கே வருகின்றன. பஸ் நிலையம் பக்கம் நிற்கும் மாட்டைக் குழந்தைகளுக்குக் காட்டி மகிழ்கிறோம். அது முட்டி மனிதர் காயம் அடைந்ததும் உண்டு.

குறிஞ்சி பூப்பதும் இந்தத் திறந்த புல் சரிவுகளில்தான். 2006-இல் பூத்தது. 2018-இல் பூத்தது. அடுத்த முறை 2030. இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அப்போது போய்ப் பார்க்கலாம்.