பிப்ரவரியை யாரும் ஒதுக்கித் தரவில்லை

பிப்ரவரி வந்துவிட்டால் சமூக ஊடகங்களில் ஒரு கிண்டல் தவறாமல் வலம் வரும். "கறுப்பினத்தவர் வரலாற்றுக்கு ஆண்டிலேயே ஆகக் குறுகிய மாதத்தைத்தானே ஒதுக்கியிருக்கிறார்கள்!" என் நண்பர்கள் சிலரும் அதைப் பகிர்வார்கள். ஆனால் அந்த மாதத்தை யாரும் அவர்களுக்கு ஒதுக்கித் தரவில்லை. அவர்களே தேர்ந்தெடுத்தது அது.

1926 பிப்ரவரியில் அமெரிக்காவில் 'நீக்ரோ வரலாற்று வாரம்' என்ற பெயரில் இதைத் தொடங்கியவர் கார்ட்டர் ஜி. வுட்சன். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த வுட்சன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு ஏறத்தாழ 20 வயது. இப்போது எனக்கும் அதே வயது, நான் பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். அவரோ அங்கிருந்து தொடங்கி 1912ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் விழாவை முதலில் தொடங்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1915ல் கறுப்பினத்தவர் வாழ்வையும் வரலாற்றையும் ஆராய ஒரு சங்கம், அடுத்த ஆண்டே ஓர் ஆய்விதழ். ஆவணங்களைத் தேடிச் சேர்த்து, பத்தாண்டுகளுக்குப் பிறகே கொண்டாட்டம்.

ஏன் பிப்ரவரி? ஆபிரகாம் லிங்கன் பிறந்தது 12ஆம் தேதி. அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாள் 14ஆம் தேதி. இரு நாள்களையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்தார்கள். இதில் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. அடிமையாகப் பிறந்த டக்ளஸுக்குத் தாம் பிறந்த தேதியே தெரியாது. 14ஆம் தேதியை அவரே வைத்துக்கொண்டார். பிறந்த நாளைக்கூட யாரும் எழுதி வைக்காத மக்களுக்கு வரலாறு ஏன் தேவைப்பட்டது என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

வுட்சனின் வாரம் பள்ளிகளை நோக்கியது. ஆசிரியர்களுக்குப் பாடக் குறிப்புகளும் படங்களும் அனுப்பப்பட்டன. ஆண்டு முழுவதும் படிப்பதை அந்த வாரத்தில் மாணவர்கள் எடுத்துக்காட்ட வேண்டும் என்பதே அவர் விருப்பம். அவர் 1950ல் காலமானார். வாரத்தை மாதமாக்கியதில் மாணவர்களுக்கும் பெரும் பங்குண்டு. ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவர்களும் கல்வியாளர்களும் 1969ல் முன்மொழிந்து, 1970ல் நடத்தியும் காட்டினார்கள். அதிபர் ஜெரல்ட் ஃபோர்டின் அங்கீகாரம் 1976ல்தான் வந்தது.

இன்று பல இடங்களில் மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ் படங்களோடு மாதம் முடிந்துவிடுகிறது. மார்ச் மாதப் பாடநூலில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. 2023 ஜனவரியில், ஆப்பிரிக்க அமெரிக்கர் பற்றிய புதிய உயர்நிலைப் பள்ளிப் பாடம் ஒன்றை ஃபுளோரிடா மாநிலக் கல்வித் துறை ஏற்க மறுத்தது. அடுத்த மாதம், வழக்கம்போல், கறுப்பின வரலாற்று மாதம் தொடங்கியது.