பலாலிக்கு எத்தனை மணி நேரம்?

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திற்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோ மீற்றர். டுபாய் ஊடாகச் சென்றால் ஒரு சில நூறு கிலோ மீற்றர்களே கூடும். வானில் கழிவது பதினேழு மணி நேரமளவில். இடைத்தங்கலையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு முழுநாள்.

தூர அட்டவணைகள் இத்துடன் முடிந்துவிடுகின்றன. யாழ்ப்பாணத்தவரின் பயணமோ முடிவதில்லை. எஞ்சியிருப்பது 400 கிலோ மீற்றரை அண்மித்த தரைவழி. அதற்கு வாகனத்தில் ஏழெட்டு மணி நேரம் வேண்டும். உலகின் மறுபாதியைக் கடந்து வந்தவர், பறந்த நேரத்தின் பாதியளவை ஏ-9 வீதியில் மீண்டும் செலவிடுகின்றார்.

சுற்றுலாப் பயணிக்கு இது வெறும் களைப்பு. தாயின் மரணச் செய்தி கேட்டுப் புறப்பட்டவருக்கு அப்படியன்று. பயணச்சீட்டுப் பெற ஒரு நாள், பயணத்திற்கு ஒன்றரை நாள் என்றால், அதுவரை பிரேதம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத குடும்பங்களில் கொள்ளி வைப்பவர் வேறொருவர். பிள்ளை அந்தியேட்டிக்குத்தான் கீரிமலைக்கு வந்து சேர்கின்றார். அந்தக் கீரிமலையிலிருந்து சில கிலோ மீற்றர் தொலைவிலேயே பலாலி விமான நிலையம் இருக்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பலாலி புதிய இடமுமன்று. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தனது முதற் சேவையை இரத்மலானையிலிருந்து இந்நிலையத்தின் ஊடாகவே சென்னைக்கு நடத்தியது. போர்க்காலத்தில் படைத்தளமாக இருந்த இந்நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றால் 2020 இல் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. சென்னையிலிருந்து 350 கிலோ மீற்றர் சொச்சம். ஒன்றேகால் மணி நேரம் போதும்! ஆயினும் வந்துபோனவை எழுபது ஆசனமளவிலான ஏ.ரி.ஆர் விமானங்களே. தனித்தனிப் பயணச்சீட்டில் வருபவர் சென்னையில் பொதிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். கனடியக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசாவும் வேண்டும். துக்க வீட்டிற்கு விரைபவருக்கு இது குறுக்குவழி ஆகாது.

ஓடுபாதையை நீட்டினால் பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும். வளைகுடாவிலிருந்து நேரடிச் சேவையைக் கேட்கலாம் என்பது புலம்பெயர்ந்தோரிடையே பலரின் எண்ணம். நியாயமான எண்ணமே. ஆனால் நீளும் ஓடுபாதை யாருடைய காணியில் நீளப்போகின்றது? விமான நிலையத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்க்கப்பட்டவர்கள். போர் முடிந்த பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டாலும், உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்போர் இன்னமும் உளர். கனடாவிலிருந்து வருபவரின் எட்டு மணி நேரத்தை மீதப்படுத்த, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருப்பவரின் தோட்டக்காணியைக் கேட்பது முறையாகாது. படையினர் வசமுள்ள தனியார் காணிகள் முதலில் உரியவர்களிடம் திரும்ப வேண்டும். அதன் பின்னர் ஓடுபாதைக்குத் தேவையான நிலத்தை அவர்களிடமே கேட்டு, அவர்கள் இசைந்தால் உரிய விலை கொடுத்து வாங்கலாம். புலம்பெயர் அமைப்புகள் நேரடிச் சேவைக்கான மனுவை எழுதும்போது, இந்த வரிசையையும் அதே மனுவில் எழுத வேண்டும்.