கடை வரட்டும், அதற்கு முன் பதில் வரட்டும்



எங்கள் நகரின் பஸ் நிலையத்துக்கு மேலே, தேயிலை முடிந்து நகரம் தொடங்கும் சரிவில், பெரிய சுப்பர்மார்க்கட் ஒன்று கட்டுவதற்கான வரைபடம் பிரதேச சபையின் திட்டமிடல் குழுவுக்குப் போயிருக்கிறது. செய்தி தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் இதே பேச்சுத்தான். இளையவர்களுக்குச் சந்தோஷம். நகரத்துக் கடைக்காரர்களோ எதிர்ப்புக் கடிதத்தோடு வந்து எங்கள் கையெழுத்தைக் கேட்டார்கள். சங்கம் எந்தப் பக்கம் என்று பலரும் கேட்கிறீர்கள்.

கடை வரக்கூடாது என்று சங்கம் சொல்லாது. கண்ணை மூடிக்கொண்டு மாலை போடவும் மாட்டாது. அனுமதி கொடுக்கும் முன் கேட்க வேண்டியவற்றைக் கேட்க வேண்டும், கேட்கிற இடத்தில் தோட்டத் தொழிலாளரும் இருக்க வேண்டும். இதுவே எமது நிலைப்பாடு.

வரவேற்பவர்களின் நியாயம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் படிப்பித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் உயர்தரம் முடித்த கையோடு கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது கொஞ்சம். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய வேலை கிடைத்தால் அது சின்ன விஷயமல்ல. பெரிய கடையில் விலை ஒட்டியிருக்கும். வாங்க வருபவரின் முகத்தைப் பார்த்து அது மாறாது.

மறுபக்கமும் உண்டு. சம்பளம் 10ஆம் திகதி. மாதக் கடைசியில் மா, சீனி, பருப்பு எல்லாம் கடன் கொப்பியில்தான் வருகிறது. நான் உயர்தரம் படித்த காலத்தில் என் அப்பியாசக் கொப்பிகளின் விலையும் அம்மாவின் கடன் கொப்பியில்தான் ஏறியது. வேலைநிறுத்த நாட்களில் எங்கள் அடுப்பு எரிந்ததும் அந்தக் கொப்பியால்தான். சில கடைகளில் அதே கொப்பி கழுத்துக் கயிறாகவும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பெரிய கடையில் காசு இல்லாதவருக்குச் சாமான் இல்லை. சிறு கடைகள் மூடப்பட்டால் மாதக் கடைசிக்கு எங்கே போவது? வீட்டுத் தோட்டத்து லீக்ஸையும் கரட்டையும் சந்தைக்குக் கொண்டுபோகும் நம் பெண்கள் யாரிடம் விற்பது? கடைக்காரர்களின் கடிதத்தில் இந்தக் கேள்விகள் இல்லை. அவர்களுடைய நஷ்டம் மட்டுமே அதில் இருந்தது. அதனால்தான் நாங்கள் கையெழுத்து வைக்கவில்லை.

“வரைபடம் பார்ப்பது அதிகாரிகளின் வேலை, உங்களுக்கு என்ன அவசரம்?” என்று ஒருவர் கேட்டார். அவசரம் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டட வேலை செய்ய முடியாது. அனுமதிக்கு நிபந்தனை போடலாம். அனுமதி கொடுத்து, மண் வெட்டி, கொங்கிரீட் போட்ட பிறகு நாம் வைக்கும் கேள்விக்கு மதிப்பு இருக்காது.

அப்படியானால் எதைக் கேட்பது? முதலாவது, சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்பதும் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை பெறப்பட்டதா? அதில் என்ன நிபந்தனைகள் உள்ளன? சரிவை வெட்டி, மேலே கூரையும் கீழே தாரும் போட்டால் மழைத்தண்ணீர் எந்தக் கானில் இறங்கும்? அந்தக் கானுக்குக் கீழே இருப்பது யாருடைய லயன்?

இரண்டாவது, குடிதண்ணீர். கடைக்கு எந்த ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கப் போகிறார்கள்? மூன்றாவது, வீதி. லொறி எந்த நேரத்தில் வரும்? பாடசாலைப் பிள்ளைகள் எங்கே நடப்பார்கள்? நான்காவது, சந்தை. மரக்கறி விற்கும் பெண்கள் உட்காரும் இடம் வாகனத் தரிப்பிடமாக மாறுமா?

சம்பளத்தையும் வேலை நேரத்தையும் திட்டமிடல் குழு தீர்மானிக்காது. அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம்; அதற்கு மேல் என்றால் மேலதிக நேரக் கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம். வேலைக்குச் சேரும் எங்கள் பிள்ளைகள் முதல் நாளே இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஆட்களை எடுப்பது கடையா, இடையில் நிற்கும் மேன்பவர் கம்பனியா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வெளிநாட்டு அனுபவத்தையும் சொல்கிறேன். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் இங்கிள்வுட் என்ற நகரம் இருக்கிறது. கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள் அதிகமாக வாழ்ந்த ஊர். அங்கே சுமார் 60 ஏக்கரில் பெரிய கடைத்தொகுதி கட்ட வோல்மார்ட் முயன்றது. நகரசபையின் திட்டமிடல் பரிசீலனையும் பகிரங்க விசாரணையும் சுற்றாடல் ஆய்வும் இல்லாமலே கட்டுவதற்கு வழிசெய்யும் பிரேரணை ஒன்றை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் வீடு வீடாகப் போயின. 2004 ஏப்ரல் 6ஆம் திகதி, வாக்களித்தவர்களில் 100க்கு 60 பேர் ‘முடியாது’ என்றார்கள். அவர்களுக்கும் வேலை தேவைப்பட்டது, மலிவுச் சாமானும் தேவைப்பட்டது. ஆனால் தங்கள் ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையை அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை.

நமக்கு அந்த உரிமை சுலபமாக வந்ததல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் சேவைகள் தோட்டத்துக்குள் வரத் தடையாக நின்றது. வாக்குப் போட்டோம், ஆனால் லயன் பாதைக்குச் சபையின் காசு வராது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் இரண்டு வருடத்துக்கு மேல் அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு, நாம் வாக்களித்த உறுப்பினர்கள் மீண்டும் சபையில் இருக்கிறார்கள். அவர்களை நாம் கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் மட்டும் பார்த்தால் போதாது.

பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் கிடைக்கும். ஒரு கடைக் கட்டடம் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள் வராது. ஆகவே யாரும் நம்மை அழைப்பார்கள் என்று காத்திருக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தப் பிரசையும் பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு ஆணைக்குழுவுக்கும் போகலாம்.

எனவே தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் எழுதி, உங்கள் லயன் பக்கத்துக் கேள்விகளையும் சேர்த்து, கையெழுத்துடன் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். தகவல் விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமானால் பாடசாலை விட்ட பிறகு என்னிடம் வாருங்கள். உங்கள் வட்டார உறுப்பினரைக் கூட்டத்துக்கு அழைத்து, திட்டமிடல் குழுவில் என்ன பேசினார் என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.

அந்தக் கடை திறந்தால் சம்பள நாளில் அதை நிரப்பப் போவது நம் மக்கள்தான். அதன் தண்ணீர் இறங்கப் போவதும் நம் லயன் பக்கம்தான். வரைபடம் மேசையில் இருக்கும்போதே நாமும் பேசிவிட வேண்டும்.