சான்று யார் கையில்?



திடகாத்திரமான ஓர் இளைஞன் இராணுவத்தில் சேருகிறான். உயரம், எடை, கண், காது என அனைத்தையும் சோதித்து, "தகுதியானவன்" என்று மருத்துவர்கள் கையொப்பமிட்ட பிறகே அவனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அதே இளைஞன் நோயாளியாக வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். "இந்நோய்க்கும் படைப்பணிக்கும் தொடர்பில்லை" என்று மருத்துவக் குழு ஒரே வரியில் எழுதிவிட்டால், ஊன ஓய்வூதியம் மறுக்கப்படுகிறது. இது நியாயமா?

இக்கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை சென்றவர் தரம்வீர் சிங். 1985-இல் இராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்த அவர், ஏறக்குறைய ஒன்பது ஆண்டுப் பணிக்குப் பின் வலிப்பு நோயின் காரணமாக விடுவிக்கப்பட்டார். ஊனம் 20 விழுக்காடு எனக் கணக்கிட்ட மருத்துவக் குழு, அது உடலமைப்பிலேயே உள்ள கோளாறு என்றது. ஓய்வூதியம் பெற 20 விழுக்காடு ஊனம் மட்டும் போதாது. அது பணியால் ஏற்பட்டதாகவோ பணியால் மோசமடைந்ததாகவோ இருக்க வேண்டும்.

2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சேரும்போது நோய் பற்றிய குறிப்பு எதுவும் ஏட்டில் இல்லையென்றால், வீரர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் வந்த நோய் பணியால் வந்ததல்ல என்றால், அதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கே உரியது. சேரும்போது நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவர்கள் கருதினால், அதற்கான காரணத்தை அவர்கள் எழுத வேண்டும். நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்கே. இவை 1982-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தவைதாம்! காரணம் கூறாத மருத்துவக் கருத்து செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2025-இலும் மனநோயால் விடுவிக்கப்பட்ட ஒரு வீரரின் வழக்கில் வலியுறுத்தியது.

இதில் ஆழ்ந்த நியாயம் உண்டு. வீரரைச் சோதித்தவர்கள், சிகிச்சை அளித்தவர்கள், ஏடுகளைக் காப்பவர்கள் எல்லாரும் படையைச் சேர்ந்தவர்களே. சான்று முழுவதையும் தன் கையில் வைத்துக்கொண்டு, "நீயே மெய்ப்பித்துக் காட்டு" என்று எளியவரிடம் கேட்பது எப்படித் தகும்?

மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். ஓய்வுபெறும் அதிகாரிகளில் பலர் வாழ்க்கைமுறை நோய்களுக்காக இந்த ஓய்வூதியம் பெறுவதை, 2023-இல் வெளிவந்த கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. அவ்வாண்டு செப்டம்பர் 21 முதல் புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்தன. பொதுப் பணம் தவறான கைக்குப் போகக்கூடாது என்பது சரியே. ஆனால் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தும் சிலரைத் தடுக்கும் வேலி, உண்மையிலேயே நோயுற்ற சிப்பாயின் வழியை மறித்துவிடக்கூடாது. ஒவ்வொருவரையும் கவனமாகச் சோதித்து, முடிவுக்கான காரணத்தைத் தெளிவாக எழுதினால் இரண்டையும் காக்கலாம்.

நம்மிடையே வாழும் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவையருக்கும் நாம் செய்யக்கூடியது என்ன? விடுவிப்புச் சான்று, மருத்துவக் குழுவின் அறிக்கை, மருத்துவமனைச் சீட்டுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்வோம். அறிக்கையின் நகல் இல்லையெனில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு விண்ணப்பிக்க உதவுவோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அவர்களோடு சென்று வருவோம். துறைக்குள் மேல்முறையீடு பயனளிக்காவிட்டால், சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு உண்டு என்பதை எடுத்துச் சொல்வோம்.

எல்லையில் நின்றவரைக் கைதட்டி வாழ்த்துவது எளிது. அவர் நோயுற்றுத் திரும்பும்போது ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க நமக்கு நேரமிருக்கிறதா? சிந்திப்போம்.