மிட்டாய் கொடுக்கிறவன் எல்லாம் பிள்ளை பிடிக்கிறவனா?

நம்மூரில் ஒரு குழந்தைக்கு நாலு வார்த்தை பேச வந்ததுமே பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. "முன்னப்பின்ன தெரியாதவங்க மிட்டாய் குடுத்தா வாங்காத. மயக்க மருந்து கலந்து குடுத்து தூக்கிட்டுப் போயிருவாங்க." சோறு ஊட்ட பூச்சாண்டி, தெருவுக்குப் போகாமல் இருக்க பிள்ளை பிடிக்கிறவன். தலைமுறை தலைமுறையாக இதே பாட்டுதான்.

இந்த அறிவுரையைத் தூக்கிக் கடாச வேண்டும் என்பது என் கட்சி. அடிக்க வராதீர்கள் மக்கா, முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் அடியுங்கள் :-)

முதலில் அமெரிக்கக் கதை. அங்கே அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். பொடிசுகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும். நவராத்திரிக்கு நம்ம பிள்ளைகள் கொலு வைத்த வீடாகப் பார்த்துப் போய் சுண்டல் வாங்குகிற மாதிரிதான். வருஷா வருஷம் அங்கேயும் ஒரு பீதி கிளம்பும். மிட்டாயில் விஷம், ஆப்பிளுக்குள் பிளேடு! ஜோயல் பெஸ்ட் என்கிற சமூகவியல் பேராசிரியர் 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைத் தோண்டிப் பார்த்து 1985ல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். முகம் தெரியாத ஒருத்தர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை செத்துப்போனதாக நிரூபணமான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் மிட்டாயில் விஷம் வைத்த கதை நிஜமாகவே ஒன்று உண்டு. 1974, டெக்சாஸ். 8 வயதுப் பையன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைத் தின்று செத்தான். கொடுத்தது யார்? பெற்ற அப்பன், ரொனால்ட் கிளார்க் ஓபிரையன். இன்சூரன்ஸ் பணத்துக்காக! யாரோ ஒரு வீட்டில் கொடுத்தது என்று கதை கட்டினான். ஊரே நம்பத் தயாராக இருந்த கதை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தான். 1984ல் மரண தண்டனை நிறைவேறியது. அதாவது, அந்நியன் மேல் இருந்த பயம் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. கொலைகாரன் ஒளிந்துகொள்ளத் திரையாக இருந்தது.

"அது அமெரிக்கா, நமக்கென்ன" என்பவர்களுக்கு நம்மூர்க் கதை. 2018 மே 9. சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர் உறவினர்களோடு காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறார். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் வழி கேட்க நிறுத்துகிறார்கள். அங்கே இருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுக்கிறார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று விரட்டி விரட்டி அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். கூட வந்தவர்களுக்கும் பலத்த காயம். பேரப்பிள்ளைகள் வயசில் இருந்த குழந்தைகளுக்கு ஒரு பாட்டி சாக்லேட் கொடுத்ததற்கு நாம் கொடுத்த கூலி!

இரண்டு மாசம் கழித்து, ஜூலை 13, கர்நாடகாவின் பீதர் மாவட்டம். ஐதராபாத் சாப்ட்வேர் இன்ஜினியர் ஒருவர் நண்பர்களோடு போகிறார். கூட வந்தவர்களில் ஒருவர் கத்தார் நாட்டுக்காரர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு சாக்லேட் கொடுத்தார்கள். மறுபடியும் அதே சந்தேகம், அதே கும்பல். அந்த இன்ஜினியர் உயிர் போனது.

வாட்ஸ்அப் வதந்திதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிப்போகும் வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். ஆனால் வாட்ஸ்அப் வெறும் தீப்பெட்டி. "மிட்டாய் கொடுத்தால் பிள்ளை பிடிக்கிறவன்" என்கிற வைக்கோல் போரை அதற்கு முன்னாலேயே அடுக்கி வைத்தது யார்? நாம்தானே, ஒவ்வொரு வீட்டிலும்?

சரி, குழந்தைகளுக்கு நிஜமான ஆபத்து யாரால்? 2007ல் மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பேசிய குழந்தைகளில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள். மாமா, டியூஷன் வாத்தியார், பக்கத்து வீட்டு அண்ணன். இவர்கள் மிட்டாய் கொடுத்தால் நாம் என்ன சொல்கிறோம்? "மாமா குடுக்கிறார்ல, வாங்கிக்கோ, முத்தம் குடு." தெருவில் போகிறவனுக்குப் பூட்டு, வீட்டுக்குள் வருகிறவனுக்கு சாவி!

"அப்போ குழந்தைக் கடத்தலே நடக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். நடக்கிறது. அதனால்தான் இந்த அறிவுரை போதாது என்கிறேன். கடத்துகிறவன் மிட்டாயோடுதான் வருவான் என்று சட்டமா? "உங்கப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்பான், "நாய்க்குட்டி காட்டுறேன்" என்பான். மிட்டாயைப் பார்த்து பயப்படப் பழகிய பிள்ளை நாய்க்குட்டிக்குப் பின்னால் போய்விடும்.

இன்னொன்று, சந்தேகம் எப்போதும் யார் மேல் விழுகிறது? கோட்டு சூட்டு போட்டவன் மேலா? பிச்சை எடுப்பவர், மனநிலை சரியில்லாதவர், இந்தி பேசுகிறவர். நம்ம வேடசந்தூர் மில்களில் வேலை பார்க்க பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிறார்கள். ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவன் நம்ம பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால் அது குற்றமா?

திண்டுக்கல்காரனுக்கு இந்தப் பயம் கொஞ்சம்கூடப் பொருந்தாது என்பேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியெல்லாம் மோரும் தண்ணியும் சோறும் கொடுக்கிறோமே, அவர்கள் யார்? நம்ம மாமன் மச்சானா? ரம்ஜான் மாசம் பேகம்பூரில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் யாராவது என்ன சாதி, என்ன மதம் என்று கேட்கிறார்களா? முகம் தெரியாதவருக்குக் கொடுப்பதும் அவரிடம் வாங்குவதும்தான் இந்த ஊரின் பழக்கம். அதை வளர்த்துவிட்டு, பிள்ளையிடம் மட்டும் "தெரியாதவன் எல்லாம் திருடன்" என்பது என்ன நியாயம்? பழனிக் கூட்டத்தில் அதே பிள்ளை தொலைந்துபோனால் உதவி கேட்க வேண்டியதும் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரிடம்தானே?

வேறு என்ன சொல்லிக்கொடுக்கலாம்? கொடுக்கிறவர் யார் என்று பார்க்காமல், என்ன கேட்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும், மாமாவே சொன்னாலும், உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும். பெற்றவர்களிடம் கேட்காமல் யாரோடும், தெரிந்தவரோடும்கூட, போகக்கூடாது. தொடப் பிடிக்கவில்லை என்றால் தாத்தாவாக இருந்தாலும் "வேண்டாம்" எனலாம். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் 1098 என்கிற இலவச எண் இருக்கிறது. பிள்ளை வந்து சொன்னால் நம்புங்கள், "அவர் அப்படிப்பட்டவர் இல்ல" என்று வாயை அடைக்காதீர்கள்.

இதைச் சொல்வது கஷ்டம், கூச்சம். "மிட்டாய் வாங்காதே" என்பது சுலபம். அந்தச் சுலபத்துக்கு அத்திமூரில் ஒரு பாட்டி உயிரைக் கொடுத்தார். வீட்டுக்குள் எத்தனை பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு விலை கொடுக்கிறார்களோ!