சத்து மாத்திரையும் மருந்தே

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘சத்து’ என்பதைப் போல் ஐயமின்றி நம்பப்படும் சொல் அரிது. ‘மருந்து’ என்றால் அஞ்சுகிறோம், அளவு கேட்கிறோம், உணவுக்கு முன்னா பின்னா என்று வினவுகிறோம். அதே பொருளைச் ‘சத்து மாத்திரை’ என்று பெயரிட்டுக் கையில் கொடுத்துவிட்டால் அச்சம் அகன்று விடுகிறது. கேள்விகளும் உடன் அகன்று விடுகின்றன.

செவிலிமேட்டில் என் அண்டை வீட்டுப் பெரியவர் நாற்பதாண்டுக் காலம் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்தவர். விடிவது முதல் பொழுது சாயும் வரை கூரைக்கு அடியிலேயே வாழ்ந்தவருக்கு வைட்டமின் டி குறைவு என்று மருத்துவர் கண்டதில் வியப்பில்லை. 60,000 அலகு கொண்ட மருந்தை வாரம் ஒருமுறை, எட்டு வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார். பெரியவரோ நாள்தோறும் ஒன்றாக ஒரு மாதத்திற்கு மேல் உட்கொண்டார். நாவறட்சி, ஓயாத வாந்தி, இறுதியில் பேச்சும் தடுமாறியது. குருதியில் சுண்ணாம்புச் சத்து மிதமிஞ்சி ஏறியிருந்ததாக மருத்துவமனையில் சொன்னார்கள். நலம் பெற்று வீடு திரும்பியவரிடம் காரணம் கேட்டேன். “சத்துதானே வாத்தியாரே, ஒன்று கூடினால் உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்தேன்” என்றார். அவரை நான் குறை கூறவில்லை. அந்த உறையில் அச்சிட்டிருந்த எழுத்து அனைத்தும் ஆங்கிலம்.

பெரியவர் பிழைத்துக் கொண்டார். 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் ஒரு சிறுமி பிழைக்கவில்லை. பள்ளி மாணவர்க்கென வழங்கப்படும் இரும்புச் சத்து மாத்திரைகளை யார் அதிகம் விழுங்குவது என்று பிள்ளைகள் தமக்குள் போட்டியிட்டனர். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அளவின்றி விழுங்கினாள். கல்லீரல் பழுதுற்றது. கோவையில் சிகிச்சை பெற்று, மேல் சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே அவள் உயிர் பிரிந்தது. வயது 13. வளரிளம் பருவத்தினர்க்கு வாரம் ஒன்று எனத் தரப்படும் அந்த நீல நிற மாத்திரை ஒன்றில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமுமே. ஒன்று நன்மை, ஒரு கைப்பிடி நஞ்சு. மிகுதியான இரும்பை வெளியேற்ற நம் உடலுக்கு வழியில்லை. அது குடலைப் புண்ணாக்கிக் கல்லீரலைத் தாக்குகிறது. இதில் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முதல் வாந்தி நின்றபின் சில மணி நேரம் குழந்தை தேறிவிட்டது போலவே தோன்றும். அந்தத் தேற்றம் பொய்யானது. அதை நம்பி வீட்டில் வைத்திருப்பது உயிருக்கே இறுதியாகிவிடும்.

இத்துயரம் நிகழ்ந்த ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குன்னூர். சத்துக் குறைவு நோய்களைப் பற்றிய இந்திய ஆராய்ச்சி பிறந்த இடமே அதுதான். 1918-இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் இராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஒற்றை அறையே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்வோரைப் பெரிபெரி தாக்குவதும், புழுங்கல் அரிசி உண்போரை அவ்வளவாக அணுகாததும் அக்காலத்தார் கண்ட உண்மைகள். நெல்லை அவிக்கும்போது உமியடுத்த தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே செய்து வந்த வேலை இது. பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகையை ஆராய வந்த லூசி வில்சு அம்மையாரும் குன்னூரில் சில காலம் பணியாற்றினார். ஈஸ்டுச் சாற்றால் அச்சோகை தீர்வதை 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். இன்று நம் மாணவியர் கையில் இருக்கும் மாத்திரைக்கு நம் மண்ணோடு இத்துணை உறவு உண்டு.

ஆகவே, மாத்திரையே வேண்டா என்று கூறுவோருடன் நான் உடன்படேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் சோகை உடையவர்கள். வகுப்பில் நான் பார்க்கும் வெளுத்த முகங்கள் அதற்குச் சான்று. கருவின் தண்டுவடக் குறையை ஃபோலிக் அமிலம் பெருமளவு தடுக்கும் என்பது 1991-இல் வெளியான ஆய்விலேயே உறுதிப்பட்டது. முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம் அது நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கைத் தடுத்தது. கருவுறுமுன்பே தொடங்கினால்தான் முழுப்பயன் என்பதைத் திருமணம் பேசும் வீடுகளில் யார் சொல்கிறார்கள்?

இல்லாதவர்க்குக் கொடுத்தால் பயன் உண்டு. இருப்பவர்க்கு மேலும் கொடுத்தால்? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டவர்க்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்தே காணப்பட்டது. குறையும் என்று எண்ணியே அதைத் தொடங்கினார்கள்! கருவுற்றோர் வைட்டமின் ஏ-யை அளவு கடந்து உண்டால் கருவே ஊனமுறலாம். தலசீமியா என்னும் குருதி நோய் உடையவர்க்கு இரும்பு மாத்திரை தீங்கு செய்யும். பருப்பும் கீரையும் முட்டையும் உண்ண வாய்ப்புள்ளவர்கள் விளம்பரத்தை நம்பிப் பல வண்ண மாத்திரைகளுக்குப் பணம் செலவிடுவது வீண் என்பதே என் கருத்து. திருக்குறளில் ‘மருந்து’ என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் மருந்தைக் காட்டிலும் உணவைப் பற்றிய பேச்சே மிகுதி என்பதை மாணவர்க்கு நான் ஆண்டுதோறும் சுட்டிக் காட்டுவதுண்டு.

நம் பெரியோர் சிலர் என்னிடம் கேட்கும் ஐயம் ஒன்று: மாத்திரையின் உறை ஹலாலா? நியாயமான கேள்வி. ஜெலட்டின் உறை விலங்கின் தோல், எலும்பிலிருந்து ஆக்கப்படுவதே. எந்த விலங்கு என்று கேட்பது நம் கடமை. தாவரப் பொருளால் ஆன உறைகளும் கிடைக்கின்றன. ஆனால் உறையைப் பற்றி இத்துணைக் கவலை கொள்ளும் நாம் உள்ளே இருப்பதன் அளவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. மாத்திரை அட்டைகளில் உள்ள எழுத்து பெரும்பாலும் ஆங்கிலமே. அதை வாங்கிச் செல்லும் தாய் படித்தறிய வழியில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குச் செல்லும் நம் மாணவர்கள் தெருக்களில் சாலை போடுவதோடு இதனையும் மேற்கொள்ளலாம். ஐந்து தொடர்கள் போதும்: “இது மருந்து. மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் உண்ணாதீர். தேநீருடன் உண்ணாதீர். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தவறி விழுங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.” பெரிய எழுத்தில் அச்சிட்டு நலவாழ்வு நிலையச் சுவரிலும் பள்ளி அலுவலறை அலமாரிக் கதவிலும் ஒட்ட வேண்டும். அலமாரிக்குப் பூட்டும், சாவி ஆசிரியரிடமும் இருக்க வேண்டும். வரும் முகாமுக்கு முன் முதல் நூறு படிகளை அச்சிடும் செலவை நான் ஏற்கிறேன்.