டூர் யாருக்கு முடிஞ்சது?

கன்னியாகுமரி டூரின் கடைசி நாள். அப்பாவும் பசங்களும் சூரிய உதயம் பார்க்கக் கிளம்பியாச்சு. அம்மா? லாட்ஜ் ரூமில் ஈரத் துணியைத் தனி கவரில் கட்டிக்கொண்டிருக்கிறார். "நீதான் போன தடவையே பாத்துட்டியே" என்று சமாதானம் வேறு!

ராத்திரி ரயில், காலையில் வீடு. கதவைத் திறந்ததும் எல்லோருக்கும் ஒரே வசனம்: "அப்பாடா, செம அலுப்பு!" அம்மாவுக்கும் அதே அலுப்புதான். ஆனால் அடுப்பில் பால், பக்கெட்டில் மூன்று நாள் அழுக்குத்துணி. அப்பா நோட்டில் டூர் கணக்கு எழுதுகிறார். ரயில், ரூம், பாறைக்குப் போன படகு, கலர் மணல் பாக்கெட் வரை எல்லாம் உண்டு. அம்மாவின் உழைப்புக்கு மட்டும் பதிவே இல்லை.

மிகை என்கிறீர்களா? மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஒரு நாளில் சம்பளமில்லா வீட்டுவேலை செய்த பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26. செய்தவர்களிலும் பெண்களுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97. தேசிய வருமானக் கணக்கிலும் இந்த வேலை சேராது. சமையற்காரியை முதலாளி கல்யாணம் செய்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்று பொருளாதார அறிஞர் பிகு சுட்டிக்காட்டியது இதைத்தான்.

"அம்மா விரும்பித்தானே செய்யறாங்க?" என்பார்கள். விருப்பம் என்றால் "முடியாது" என்று சொல்லவும் உரிமை வேண்டும். ஒருநாள் சொல்லிப் பார்க்கட்டும், வீடு என்ன பாடுபடும் என்று தெரியும்!

பரிகாரம் சுலபம். அடுத்த டூரில் பெட்டியைப் பசங்க கட்டட்டும். வந்ததும் துணியை அப்பா துவைக்கட்டும். அந்த உதயத்தை அம்மா பார்க்கட்டும்.